ஒரு கிலோ எண்ணெய் எத்தனை லிட்டர்?

ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: "இதுல எத்தனை லிட்டர் இருக்கு?" பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் "ஒரு லிட்டர், டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். நாளடைவில் அந்த வாக்கியத்திலிருந்து 'தண்ணீர்' என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. 'ஒரு லிட்டர் ஒரு கிலோ' என்பது மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

சரியான விடை, சுமார் 1.1 லிட்டர். நூறு மில்லிலிட்டர்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஒரு பாக்கெட்டில் அது சின்ன வித்தியாசம்தான். ஆனால், தேர்வில் இதே கணக்கு வரும்போது வகுப்பதா பெருக்குவதா என்று தெரியாமல் மாணவர்கள் முழுப் புள்ளியையும் விடுகிறார்கள். கடையில் கிலோ போத்தலும் லிட்டர் போத்தலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, நம் வீட்டுப் பெரியவர்களே விலை மலிவு என்று நினைத்து விலை கூடியதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அடர்த்தி.

மூன்று சொற்கள்

கடையில் நாம் 'எடை' என்கிறோம். பாடநூலில் அது 'பொருண்மை'. மலாயில் ஜிசிம். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதைச் சொல்வது அது. கிராம், கிலோகிராமில் அளக்கிறோம். 'கொள்ளளவு' என்பது அந்தப் பொருள் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது. மலாயில் இசி பாடு. மில்லிலிட்டர், லிட்டரில் அளக்கிறோம். இரண்டையும் இணைக்கிற பாலம்தான் 'அடர்த்தி', மலாயில் கெதும்பாத்தான். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு அறிவியலிலேயே எது மிதக்கும், எது மூழ்கும் என்று அடர்த்தியைப் பார்த்துவிடுகிறோம். படிவம் ஒன்றுக்குப் போனதும் அதே விஷயம் வேறு மொழியில், சூத்திரத்தோடு வருகிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். கருத்து பழசு, பெயர்தான் புதுசு. ஆறாம் ஆண்டு ஆசிரியர்கள் இந்த மூன்று மலாய்ச் சொற்களையும் தமிழ்ச் சொற்களோடு சேர்த்தே ஒருமுறை கரும்பலகையில் எழுதிவிட்டால், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

சூத்திரம் ஒன்றுதான்:

அடர்த்தி = பொருண்மை ÷ கொள்ளளவு

சமையல் எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.91 கிலோ. அதாவது, ஒரு லிட்டர் போத்தலைத் தண்ணீரால் நிரப்பினால் ஒரு கிலோ; அதே போத்தலை எண்ணெயால் நிரப்பினால் 910 கிராம்தான். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பதற்குக் காரணம் இதுவே. ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் மேலே வட்டம் வட்டமாக நிற்கிறதே, அந்தக் காட்சியை மறக்காத மாணவன் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட மாட்டான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

வகுப்பதா, பெருக்குவதா?

கிலோவிலிருந்து லிட்டருக்குப் போக வேண்டுமென்றால், கிலோவை 0.91-ஆல் வகுக்க வேண்டும். லிட்டரிலிருந்து கிலோவுக்குப் போக வேண்டுமென்றால், லிட்டரை 0.91-ஆல் பெருக்க வேண்டும்.

1 கிலோ ÷ 0.91 = 1.099 லிட்டர்
1 லிட்டர் × 0.91 = 0.91 கிலோ

இதை மனப்பாடம் செய்தால் தேர்வு மண்டபப் பதற்றத்தில் மாறிப்போகும். அதைவிட ஒரு சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. அதனால் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கிலோ தண்ணீரைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே, எண்ணெயைப் பொறுத்தவரை லிட்டரின் எண் எப்போதும் கிலோவின் எண்ணைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். விடையை எழுதிய பிறகு இரண்டு எண்களையும் பாருங்கள். லிட்டர் சிறியதாக வந்திருந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள், அல்லது வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். அழித்துவிட்டு மாற்றிப் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை தண்ணீரைவிட இலேசான திரவங்களுக்கு மட்டும். தேனை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். தேனின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ; ஒரு கிலோ தேன் ஏறக்குறைய 0.7 லிட்டர்தான் வரும். கெட்டியான திரவம் எல்லாம் கனமானது என்று பிள்ளைகள் நினைப்பதையும் இங்கே திருத்திவிடலாம். எண்ணெய் தண்ணீரைவிடக் கொழகொழவென்று இருக்கிறது, ஆனால் இலேசானது. கொழகொழப்பு வேறு, அடர்த்தி வேறு.

இன்னொன்று, மாணவர்கள் அடிக்கடி செய்வது: 'லிட்டர் கிலோவைவிடப் பத்து விழுக்காடு குறைவு, ஆகவே கிலோ லிட்டரைவிடப் பத்து விழுக்காடு அதிகம்.' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. அடர்த்தி 0.9 என்று கேள்வியில் கொடுத்திருந்தால், 1 ÷ 0.9 = 1.11; 1.1 இல்லை. ஒரு போத்தலில் பெரிதாகத் தெரியாது. நூறு கிலோவில் ஒரு லிட்டருக்கு மேல் விழுந்துவிடும்.

கணக்கும் அலகும்

ஒரு கோயில் அன்னதானத்துக்கு 17 கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 0.91. எத்தனை லிட்டர்?

17 ÷ 0.91 = 18.68 லிட்டர்.

பெருக்கிய மாணவனுக்கு 15.47 லிட்டர் வரும். 15.47 என்பது 17-ஐவிடச் சிறியது, சோதனையிலேயே பிடிபட்டுவிடும்.

படிவம் ஒன்று மாணவர்களுக்கு இதே கேள்வி வேறு உடையில் வரும்: அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம். பயப்பட வேண்டாம், எண் அதேதான். ஒரு கன சென்டிமீட்டர் என்பது ஒரு மில்லிலிட்டர். ஆயிரம் கிராம் ஒரு கிலோ, ஆயிரம் மில்லிலிட்டர் ஒரு லிட்டர். மேலேயும் கீழேயும் ஆயிரம் வருவதால் எண் மாறுவதில்லை. ஆனால், அலகைக் கலந்துவிடக் கூடாது. 17 கிலோவை முதலில் 17 000 கிராம் என்று மாற்றி, 17 000 ÷ 0.91 = 18 681 கன சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். 17-ஐ அப்படியே வகுத்து '18.68 கன சென்டிமீட்டர்' என்று எழுதினால், அது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். அன்னதானத்துக்கு அது எப்படிப் போதும்?

இதே டின்னை வைத்து வகுப்பில் ஒரு பங்குக் கணக்கும் போடலாம். சில குடும்பங்கள் சேர்ந்து அந்த 17 கிலோ டின்னை 102 ரிங்கிட்டுக்கு வாங்குகின்றன என்று கொள்வோம். கிலோவுக்கு 6 ரிங்கிட். பங்கு பிரிப்பவர் தராசு எடுக்கவில்லை; ஒரு லிட்டர் மங்குதான் இருக்கிறது. 'ஆளுக்கு எத்தனை கிலோவுக்குக் காசு கொடுத்தாங்களோ அத்தனை மங்கு' என்று ஊற்றிக் கொடுக்கிறார். 17 மங்கு ஊற்றி முடித்த பிறகும் டின்னில் எண்ணெய் நிற்கிறது. 18.68-இலிருந்து 17-ஐக் கழித்தால் 1.68 லிட்டர். எடையில் 1.53 கிலோ. காசில் 9 ரிங்கிட் 18 சென். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இழந்திருக்கிறார்கள். அந்த மிச்சம் யாருக்குச் சேர வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். வகுப்பு சூடு பிடிக்கும்.

நம் நாட்டில் ஏன் கிலோ?

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் ஒரு லிட்டர் பாக்கெட்டாகக் கிடைக்கிறது, விலை 25 ரூபாய். நம் ஊரில் அரசாங்கம் உதவித்தொகை தரும் பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ, விலை 2 ரிங்கிட் 50 சென். இரண்டுக்குள்ளும் இருப்பது செம்பனை எண்ணெய்தான். அங்கே லிட்டர், இங்கே கிலோ. அங்கே வாங்குகிறவருக்கு 910 கிராம், இங்கே வாங்குகிறவருக்கு 1000 கிராம். யூடியூபில் தமிழ்நாட்டுச் சமையல்காரர் 'ஒரு லிட்டர் எண்ணெய்' என்று சொன்னால், நம் பாக்கெட்டை முழுசாக ஊற்றினால் அவர் சொன்னதைவிட நூறு மில்லிலிட்டர் கூடுதல்.

நம் எண்ணெய் ஏன் கிலோவில் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கோல சிலாங்கூர் பிள்ளைகள் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான், 1917-இல், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் அமைந்தது. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கியவரும் இவர்தான்.) தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆமாம், நம் தென்னமரமேதான். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வளர்ந்து, அதன் எண்ணெய் இன்று நம் சட்டியில் கொதிக்கிறது.

செம்பனை தோட்டத்திலிருந்து கடைக்கு வரும் வழி முழுவதும் எடைதான் பேசுகிறது. வெட்டிய குலைகளையும் பொறுக்கிய உதிரிப் பழங்களையும் ஏற்றிக்கொண்டு லாரி ஆலைக்குள் நுழையும்போது முதலில் எடைமேடையில் ஏறும். நம் ஆட்கள் 'தீம்பாங் போடுறது' என்பார்கள். இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்போது மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. ஒரு டன் குலையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோ கச்சா எண்ணெய் கிடைக்கும், அதாவது சுமார் 20 விழுக்காடு. குலையை லிட்டரில் அளக்க முடியாது. குலைக்கு எடை, எண்ணெய்க்கு லிட்டர் என்று மாற்றி மாற்றி வைத்தால் இந்த விழுக்காட்டுக் கணக்கே குழம்பிப்போகும். ஆகவே கடைசிவரை டன்தான். உலகச் சந்தையில் செம்பனை எண்ணெயின் விலையையும் டன்னுக்கு இவ்வளவு ரிங்கிட் என்றே சொல்கிறார்கள், செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

ஆனால், ஆலையின் பெரிய தொட்டியை யாராலும் தராசில் தூக்கி வைக்க முடியாது. அங்கேதான் நம் பாடம் வேலைக்கு வருகிறது. தொட்டியில் எண்ணெய் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளவு நாடாவை இறக்கிப் பார்ப்பார்கள். அந்தத் தொட்டிக்கென்று முன்பே தயாரித்த அட்டவணையில், அந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். பிறகு எண்ணெயின் வெப்பநிலையை அளந்து, அந்த வெப்பநிலைக்குரிய அடர்த்தியால் லிட்டரைப் பெருக்குவார்கள். கிடைப்பது கிலோ. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடுகிற அதே பெருக்கல்தான், கூடவே ஒரு வெப்பமானியும் இருக்கிறது.

வெப்பநிலை எதற்கு?

எண்ணெயைச் சூடாக்கினால் அது விரியும். எடை கூடாது, குறையாது. இடம் மட்டும் அதிகமாகும். ஆகவே அடர்த்தி குறையும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 கிராம் குறைகிறது.

கச்சா செம்பனை எண்ணெய் ஆறினால் பாதி உறைந்துவிடும் என்பதால், லாரியில் ஏற்றும்போது அதைச் சூடாகவே வைத்திருப்பார்கள். 50 பாகையில் அதன் அடர்த்தி சுமார் 0.89. தொட்டியில் 100 000 லிட்டர் இருந்தால் 89 டன். அதே எண்ணெய் 55 பாகைக்குச் சூடானால், ஒரு சொட்டுகூடச் சேர்க்காமலே ஏறக்குறைய 380 லிட்டர் கூடிவிடும். வெப்பநிலையைப் பார்க்காமல் பழைய 0.89-ஆலேயே பெருக்கினால், இல்லாத எண்ணெய் 300 கிலோவுக்கு மேல் கணக்கில் ஏறிவிடும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சண்டை வர அது போதும்.

இது ஆலைக்குள் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. இந்தியாவில் சமையல் எண்ணெயை லிட்டரில் விற்கும்போது அதன் எடையையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். சில நிறுவனங்கள் '60 பாகை வெப்பநிலையில்' என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, அந்தச் சூட்டுக்குரிய குறைந்த எடையை நிரப்பின. 2022 ஆகஸ்டில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கண்டித்து, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவைச் சரியாகப் போடும்படி உத்தரவிட்டது. திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தது. அந்தத் துறை காட்டிய எடுத்துக்காட்டு வகுப்புக்கு அப்படியே பொருந்தும்: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகையில் 919.1 கிராம், 60 பாகையில் 892.6 கிராம்.

மாணவர்களே, வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள்: 26.5 கிராம். 39 பாகைக்கு 26.5 கிராம் என்றால், ஒரு பாகைக்குச் சுமார் 0.68. மேலே சொன்ன 0.7 இதுதான். இன்னும் ஒரு படி போங்கள். 892.6 கிராம் மட்டும் நிரப்பிய அந்தப் பாக்கெட் 21 பாகைக்கு வந்தால் எவ்வளவு இருக்கும்? 892.6 ÷ 919.1 = 0.971 லிட்டர். 29 மில்லிலிட்டர் காணோம்! 60 பாகைச் சூட்டில் எந்த வீட்டு அலமாரி இருக்கிறது? எடையில் விற்றால் இந்த விளையாட்டுக்கே இடம் இல்லை. காலையில் வாங்கினாலும் மத்தியான வெயிலில் வாங்கினாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். எண்ணெயைக் கிலோவில் விற்பதே வாங்குகிறவருக்கு நல்லது என்பது என் கருத்து.

0.91 எங்கிருந்து வந்தது?

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் 20 பாகையில் 0.91-க்கும் 0.925-க்கும் இடையில் நிற்கும். நம் ஊர் 30 பாகையில் அதிலிருந்து 0.007 கழியும். கடையில் வாங்கும் செம்பனைச் சமையல் எண்ணெய் 30 பாகையில் 0.904-ஐ ஒட்டி இருக்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் 0.91 என்று வைத்துக்கொண்டால் பிழை ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. வீட்டுக்கும் கடைக்கும் அது போதும்.

தேர்வுக்கு மட்டும் வேறு விதி: கேள்வியில் என்ன அடர்த்தி கொடுத்திருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். 0.9 என்று கொடுத்திருந்தால் 0.9. 'எனக்கு 0.904 தெரியும்' என்று அதைப் போட்டால் புள்ளி கிடைக்காது. ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடர்த்தியைக் கொடுக்காமல் '5 கிலோ எண்ணெயை 500 மில்லிலிட்டர் போத்தல்களில் நிரப்பினால் எத்தனை போத்தல்?' என்று கேள்வி தயாரிக்காதீர்கள். விடைப்பட்டியலில் 10 என்று இருக்கும். அடர்த்தி தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளை 10 போத்தலை நிரப்பிவிட்டு இன்னும் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று விழிக்கும். அவன் எழுதுவது சரி, விடைப்பட்டியல் தப்பு. தண்ணீர் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடர்த்தியைக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணை நம்பாத பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டலாம். 100 மில்லிலிட்டர் அளவு நீள்உருளை ஒன்று, ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, பாக்கெட் எண்ணெய் கொஞ்சம். வெறும் உருளையை முதலில் நிறுத்து எழுதுங்கள். 100 மில்லிலிட்டர் கோடு வரை எண்ணெய் ஊற்றி, கண்ணை எண்ணெய் மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் பாருங்கள். நுரையோ குமிழியோ இருந்தால் அடங்கும்வரை பொறுங்கள். பிறகு உருளையோடு நிறுத்து, வெறும் உருளையின் எடையைக் கழியுங்கள். லாரியை எடைமேடையில் இரண்டு தடவை ஏற்றுகிறார்களே, அதே முறை. 90 அல்லது 91 கிராம் வரும்.

பிள்ளைகள் ஒரு தப்பு செய்வார்கள்: உருளையில் அளந்த எண்ணெயை வேறு கிண்ணத்தில் ஊற்றி நிறுப்பார்கள். உருளையின் உள்சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்; இரண்டு மூன்று கிராம் குறைந்து, 87 அல்லது 88 என்று காட்டும். உருளையோடு சேர்த்தே நிறுக்கச் சொல்லுங்கள். இன்னொரு குழுவுக்குத் தண்ணீரைக் கொடுத்து இதையே செய்யச் சொன்னால் 100 கிராம் வரும். ஒரே அளவு உருளை, இரண்டு எடை. அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கடையில் நிற்கும்போது

விலை ஒப்பீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. விலைகள் கணக்குக்காகக் கொண்டவை. 5 கிலோ போத்தல் 30 ரிங்கிட். பக்கத்தில் 5 லிட்டர் போத்தல் 28 ரிங்கிட். இரண்டும் ஒரே வகை எண்ணெய். எது மலிவு?

'ரெண்டு வெள்ளி குறைவு' என்று கை லிட்டர் போத்தலுக்குத்தான் போகும். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். 5 லிட்டர் × 0.91 = 4.55 கிலோ. 28 ÷ 4.55 = கிலோவுக்கு 6 ரிங்கிட் 15 சென். கிலோ போத்தலில் 30 ÷ 5 = கிலோவுக்கு 6 ரிங்கிட். 28 ரிங்கிட் போத்தல்தான் விலை கூடியது. கடையில் கால்குலேட்டர் இல்லாவிட்டால் ஒரு சுருக்கு வழி உண்டு: கிலோ போத்தலின் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 30-இல் 3 கழித்தால் 27. அதே அளவு லிட்டர் போத்தல் 27 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால் நிச்சயம் மலிவு. துல்லியமான எல்லை 27 ரிங்கிட் 30 சென்.

சமையலில் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் அவசியமில்லை. முறுக்குச் சுடுகிறவர் சட்டியைப் பார்த்து ஊற்றுவார். அவருக்கு அடர்த்தி வேண்டாம். ஊறுகாய்க்கு வேண்டும். ஒரு கிலோ மாங்காய்க்கு 250 கிராம் நல்லெண்ணெய் என்று குறிப்பில் இருந்தால், மங்கில் 275 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். உணவுச் சத்துக் கணக்கிலும் வேண்டும். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி. 15 மில்லிலிட்டர் மேசைக்கரண்டி எண்ணெயை 15 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 135 வரும். சரியான எடை 13.65 கிராம், ஆக 123 கிலோகலோரி.

பயிற்சிக்கு நான்கு

முதலாவது: 3 கிலோ போத்தல், அடர்த்தி 0.9. எத்தனை லிட்டர்?

இரண்டாவது: ஒரு பலகாரத்துக்கு 750 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். ஒரு கிலோ பாக்கெட்டிலிருந்து எடுத்தால் எத்தனை கிராம் மிச்சம்? அடர்த்தி 0.91.

மூன்றாவது: எடைமேடையில் லாரி குலையோடு 18.6 டன், வெறும் லாரி 8.6 டன். எண்ணெய் 20 விழுக்காடு கிடைத்தால், 0.89 அடர்த்தியில் எத்தனை லிட்டர்?

நான்காவது: தமிழ்நாட்டு ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கிலோ எவ்வளவு? அடர்த்தி 0.91.

விடைகள். முதலாவது, 3 ÷ 0.9 = 3.33 லிட்டர். இரண்டாவது, 750 × 0.91 = 682.5 கிராம் செலவு; 317.5 கிராம் மிச்சம். மூன்றாவது, குலை 10 டன், எண்ணெய் 2 டன். 2000 ÷ 0.89 = ஏறக்குறைய 2247 லிட்டர். நான்காவது கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள். மாற்றுவது எண்ணெயின் அளவை இல்லை, விலையை. 25 ரூபாய்க்குக் கிடைப்பது 0.91 கிலோ, ஆகவே ஒரு கிலோ 25 ÷ 0.91 = 27 ரூபாய் 47 காசு. பெருக்கி 22 ரூபாய் 75 காசு என்று எழுதியவர்கள், ஒரு கிலோ ஒரு லிட்டரைவிட அதிக எண்ணெய் ஆயிற்றே, அது எப்படி விலை குறைவாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.